நான்காம் தலைமுறையின் விருந்து



சென்ற திங்கள் இப்பகுதியில் பிள்ளைகளின் தமிழ்க் கல்வி பற்றிச் சில சொற்கள் எழுதினேன். இத்திங்கள் ஓர் இரவு உணவைப் பற்றி எழுதப் புகுகின்றேன். சிறு பொருள்தானே என்று தள்ளிவிட வேண்டா. அந்த ஓர் உணவு எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையின் கதையைக் கிளறிவிட்டது. மர்பி டவுனிலும் அல்சூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஆளும் பெயரும் மாறி, இதே கதை நடந்துகொண்டிருக்கக் கூடும்.

என் மகள் கணினித் துறையில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறைந்தது. "அப்பா, உங்களையும் அம்மாவையும் நல்ல இடத்திற்கு உணவுக்கு அழைத்துப் போகிறேன். மறுக்கக் கூடாது" என்றாள். நல்ல இடம் என்றதும் என் மனைவி நெய்த் தோசைக்குப் பெயர் போன சிற்றுண்டிச் சாலை ஒன்றை நினைத்துக்கொண்டாள். மகள் குறித்து வைத்திருந்ததோ, பழைய சென்னைச் சாலைக்கு அப்பால், இந்திரா நகரில் உள்ள புதுமுறை உணவகம் ஒன்று. அங்கே சீஸும் ஒயினும் சிறப்பாம். எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடக் கூடிய தொலைவுதான். ஆயினும் அந்தத் தொலைவை நடக்க எங்கள் குடும்பத்திற்கு நான்கு தலைமுறை ஆயிற்று.

ஏன் அவ்வாறு சொல்கிறேன் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைப் பாளையம் அமைத்தனர். நம் பெரியவர்கள் "தண்டு" என்று சொல்லும் கண்டோன்மென்ட் அதுவே. படையைத் தொடர்ந்து வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் வந்து குடியேறினர். கல் உடைத்தவர், குதிரை தேய்த்தவர், தண்ணீர் சுமந்தவர், துணி வெளுத்தவர், தோட்டம் கொத்தியவர், குழந்தை வளர்த்த ஆயாமார், அடுக்களையில் நின்ற சமையற்காரர், மேசையருகே நின்ற பட்லர் ஆகியோருள் தமிழர் மிகப் பலர். நாக்ஸ்பேட்டை என்று முன்னர் வழங்கிய நம் பகுதி, பின்னாளில் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்றது. உழைத்து வாழும் எளிய மக்களின் குடியிருப்பு இது.

1896-ஆம் ஆண்டில் இளம் படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தார் வின்ஸ்டன் சர்ச்சில். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான அதே சர்ச்சில்தான். பங்களா வாழ்வில் வரவு செலவைப் பட்லர் பார்த்துக்கொண்டதையும், உடுத்திவிட ஒருவர், குதிரைக்கு ஒருவர் என்று ஆட்கள் இருந்ததையும் 1930-இல் வெளிவந்த தம் இளமைக்கால வரலாற்று நூலில் அவர் குறித்திருக்கின்றார். இன்று பெங்களூர் கிளப் எனப்படும் சங்கத்தின் 1899-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், அவர் கொடுக்காமல் விட்ட 13 ரூபாய் இன்றும் நிலுவையாக நிற்கின்றது. அந்தப் பதின்மூன்று ரூபாயைப் பார்த்துச் சிரிப்பவர் பலர். அந்நாளில் அவர்களுக்குச் சமைத்தவர் யார், பரிமாறியவர் யார் என்று கேட்பவரோ அரியர்.

என் பாட்டனார் அத்தகைய பட்லர்களுள் ஒருவர். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, படை அதிகாரிகளின் மெஸ் ஒன்றில் 1947 வரை பணிபுரிந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் புட்டியின் தோளையும் கழுத்தையும் பார்த்தே உள்ளே இருப்பது எந்நாட்டு ஒயின் என்று சொல்லிவிடுவார். சிவப்பு ஒயினுக்கு எந்தக் கிண்ணம், வெள்ளைக்கு எந்தக் கிண்ணம், பெரிய விருந்தில் போர்ட் ஒயின் குடுவை இடப்பக்கமாகவே கைமாற வேண்டும் என்னும் முறை, ஆங்கிலேயர் இனிப்புக்குப் பின்னும் பிரெஞ்சுக்காரர் இனிப்புக்கு முன்னும் சீஸ் உண்பர் என்னும் வேறுபாடு எல்லாம் அவருக்கு மனப்பாடம். கிண்ணத்தைக் காம்பில் பிடித்து விளக்கொளியில் காட்டித் துடைக்க வேண்டும், வயிற்றில் பிடித்தால் கை ரேகை படியும் என்று சிறுவனாகிய எனக்கு ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்துக்கொண்டு கற்றுக் கொடுத்திருக்கின்றார்.

எஞ்சிய சீஸ் துண்டு எப்போதாவது வீட்டுக்கு வந்தால், "கெட்டுப்போன தயிரைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களே" என்று பாட்டி கொல்லையில் எறிந்துவிடுவாராம். பாட்டனார் வீட்டில் உண்டது களியும் கருவாட்டுக் குழம்புமே. தாம் அடுக்கிய மேசையின் முன் ஒரு நாளும் அவர் அமர்ந்ததில்லை. அமரலாம் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை.

நிற்க. குறித்த நாளன்று மாலை நாங்கள் மூவரும் உணவகம் சென்றோம். என் மனைவி பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் அரைக்காற்சட்டை அணிந்திருந்ததைக் கண்டு, "நாம்தான் இடம் மாறி வந்துவிட்டோமோ?" என்று என் காதில் கேட்டாள். மகள் ஒரு சீஸ் தட்டும், அரைப்புட்டிச் சிவப்பு ஒயினும், பிறகு உணவும் வேண்டும் என்றாள்.

பரிமாறும் இளைஞர் புட்டியைத் திறந்து என் கிண்ணத்தில் இரண்டு மடக்கு அளவே ஊற்றிவிட்டுக் காத்து நின்றார். பலர் இதனை வெறும் ஆடம்பரச் சடங்கு என்று எண்ணுகின்றனர், அன்று. தக்கை கெட்டோ காற்றுப் புகுந்தோ ஒயின் பழுதுபட்டிருக்கின்றதா என்று முகர்ந்து பார்ப்பதற்காக ஊற்றுவது அது. பழுதென்றால் திருப்பி அனுப்பலாம். நாவுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்புவது முறையன்று. நான் கிண்ணத்தைக் காம்பில் பிடித்து, விளக்கொளியில் காட்டி, முகர்ந்து, தலையசைத்தேன். மகள் வியந்து போனாள். "அப்பா, இதை எங்கே கற்றீர்கள்?" என்றாள். "உன் கொள்ளுத்தாத்தாவிடம் அம்மா" என்றேன். அவள் அவரைப் பற்றி அதுவரை கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. பட்லர் வேலை என்று சொல்ல ஒரு காலத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகின்றேன்.

சீஸ் தட்டு வந்தது. வெண்மையாய் மெத்தென்று ஒன்று, மஞ்சளாய்க் கெட்டியாக ஒன்று, உள்ளே நீல நரம்பு ஓடியது ஒன்று. என் மனைவி நீல நரம்பைக் கண்டு, "பூசணம் பிடித்திருக்கிறதே! இதற்கா இவ்வளவு விலை?" என்றாள். பூசணம்தான், ஆனால் வேண்டுமென்றே வளர்க்கும் பெனிசிலியம் வகைப் பூசணம். கெட்டியான சீஸ் ஒரு கிலோ செய்ய ஏறக்குறைய 10 லிட்டர் பால் வேண்டும். அதன்மேல் அதனைத் திங்கட்கணக்கில் குளிர்ந்த அறையில் வைத்துப் பதப்படுத்தும் செலவும் சேரும். விலையின் காரணம் பெரும்பாலும் இதுவே. மாவைப் புளிக்க வைத்து இட்லி செய்பவர்கள், பாலைப் புளிக்க வைத்துத் தயிரும் மோரும் செய்பவர்கள் நாம். பாலைக் கெடாமல் காக்க ஒவ்வொரு நாட்டார் ஒவ்வொரு வழி கண்டனர் என்று எண்ணினால் அந்தத் தட்டு அவ்வளவு அயலாகத் தோன்றாது.

அடுத்து அவள் கேட்ட கேள்விதான் முதன்மையானது. "கன்றுக்குட்டியின் இரைப்பையைக் கொண்டு பாலைத் திரிப்பார்களாமே, உண்மையா?" உண்மைதான். ரென்னெட் என்னும் அந்தப் பொருளை ஐரோப்பாவில் தொன்றுதொட்டுக் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்து வந்தனர். நம் நாட்டில் செய்யப்படும் சீஸில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து பெறும் ரென்னெட்டே பயன்படுகின்றது. ஆதலின் சைவ உணவு உண்ணும் வீட்டார் பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். உணவகத்தில் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். கேட்பது நாகரிகக் குறைவன்று. நம் பன்னீருக்கு இந்த ஐயமே எழாது. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பினால் திரிவது அது.

இந்தத் தட்டு முழுவதும் கடல் கடந்து வந்ததென்றும் எண்ண வேண்டா. பெங்களூரிலேயே வல்லம்புரோசா சபையைச் சேர்ந்த பெனடிக்ட் துறவியர், இத்தாலியில் தொழில் கற்று வந்த மைக்கேல் அடிகளின் முயற்சியால், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மொசரெல்லா முதலிய வகைகளைச் செய்யத் தொடங்கினர். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் சீஸ் செய்கின்றனர். நம் காப்பிக்கு வரும் நந்தினிப் பாலின் கூட்டுறவு இணையமும் சீஸ் விற்கின்றது.

இவ்விடத்தில் இன்னொரு வீட்டுச் செய்தியைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரின் மகன் ரஷ்யாவில் கசான் நகரில் மருத்துவம் பயில்கின்றான். விடுமுறையில் வந்தபோது அந்நாட்டு உணவைப் பற்றி அவனிடம் கேட்டேன். த்வோரோக் என்னும் பால்திரளை அங்கே எளியவரும் காலையுணவாக உண்பர். அதனை மாவுடன் பிசைந்து தட்டிச் சுட்டால் சிர்னிக்கி என்னும் பணியாரம். ரஷ்ய நகரங்களில் ஜார்ஜிய உணவகங்கள் மிகுதி. சீஸ் நிறைத்துச் சுட்ட ரொட்டி அங்கே பெயர் பெற்றது. ஜார்ஜியரின் விருந்தில் தமதா என்னும் ஒரு தலைவர் இருப்பார். அவர் எழுந்து மறைந்த முன்னோரையோ வந்த விருந்தினரையோ போற்றி நாலு சொல் பேசிய பின்னரே ஒயின் கிண்ணத்தை எடுப்பது மரபு. உணவும் பேச்சும் முன்னே செல்ல, ஒயின் பின்னே வரும். 2014 ஆகஸ்டில் மேலைநாட்டுச் சீஸ் வருவதை ரஷ்ய அரசு தடை செய்தது. மறு ஆண்டு முதல் தடையை மீறி வந்தவற்றை அழிக்கவும் ஆணையிட்டது. இத்தாலியச் சீஸும் பிரெஞ்சுச் சீஸும் கடைகளிலிருந்து மறையவே, அந்நாட்டார் பலர் தாமே செய்யக் கற்றுக்கொண்டனர். அந்தப் பிள்ளை சொன்னதில் என் மனத்தில் நின்றது ஒன்று உண்டு. "மாமா, அங்கே சீஸ் வீட்டு உணவு. இங்கேதான் அது பெருமைப் பொருள்" என்றான்.

இனி ஒயினுக்கு வருவோம். மகள் வாங்கியது நந்தி மலை அடிவாரத்துச் சரக்கு. நம் ஊரைச் சுற்றியுள்ள பெங்களூர், சிக்கபள்ளாப்பூர், கோலார்ப் பகுதிகளில் விளையும் கருந்திராட்சையை நாம் அறிவோம். சந்தையில் கூடையில் வருவது. தோல் கெட்டி, கொட்டை உண்டு, மணம் மிகுதி. பெங்களூர் நீலத் திராட்சை எனப்படும் அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அமெரிக்க இனமாகிய இஸபெல்லாவின் உறவு அது. அந்த இஸபெல்லா கருங்கடல் ஓரத்து வீட்டுப் பந்தல்களிலும் படர்ந்து கிடக்கின்றது. இங்கே அதனைப் பெரும்பாலும் பழமாகவும் சாறாகவும் உண்கின்றோம். பிரெஞ்சுத் திராட்சை இனங்களை நட்டு உயர்ந்த ஒயின் செய்யும் முயற்சியை கன்வல் குரோவர் என்பார் 1988-இல் நந்தி மலைப் பகுதியில் தொடங்கினார். முதல் ஒயின் 1992-இல் வெளிவந்தது. குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் உறங்கும். நம் வெப்ப நாட்டில் அதற்கு உறக்கமே இல்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து, பழம் கோடையின் தொடக்கத்தில் முதிரும்படி செய்கின்றனர். அயல்நாட்டு ஒயினுக்கு நெடுங்காலம் 150 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது; உள்நாட்டுத் தோட்டங்கள் வளர அதுவும் ஒரு காரணம்.

ஒயின் தமிழர்க்கு முற்றும் புதியதும் அன்று. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கின்றார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆனால் அன்று அருந்தியவன் மன்னன். பிற்காலத்தில் அருந்தியவர் வெள்ளைத் துரை. இன்று அருந்த அமர்ந்திருப்பவள் மர்பி டவுன் பெண். வளர்ச்சிதான், நான் மறுக்கவில்லை. மகள் தன் உழைப்பின் ஊதியத்தில் பெற்றோரை அந்த மேசைக்கு அழைத்தாளே, அதில் எனக்குப் பெருமையே.

ஆயினும் அந்நேரத்தில் என் மனைவியின் முகம் வாடியிருந்தது. மகள் கிண்ணத்தை உயர்த்தியபோது அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "என்னம்மா, ஒயின்தானே? இதிலென்ன தவறு?" என்று மகள் கேட்டாள். சிறிது நேரம் விடையில்லை. பிறகு, "உன் மாமாவும் முதல் நாள் இப்படித்தான் சொன்னான்" என்றாள்.

அவள் தம்பி நல்ல தச்சன். பொட்டலச் சாராயத்தினால் முப்பத்தாறாம் வயதில் மறைந்தான். அவன் கதையை அறியாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அத்தகைய கதை இல்லாத வீடும் அக்காலத்தில் குறைவு. 1981 ஜூலையில் இந்நகரில் மீதைல் கலந்த கள்ளச்சாராயத்தால் 300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் ஏழைகள். கர்நாடக அரசு 2007 ஜூலை முதல் நாளிலிருந்து சாராய விற்பனையைத் தடை செய்தது. அதே 2007-ஆம் ஆண்டில்தான் திராட்சையிலிருந்து ஒயின் செய்வதை வளர்க்கத் தனிக் கொள்கையும் வகுத்து, ஒயின் வாரியமும் அமைத்தது. ஏழையின் பொட்டலம் போன ஆண்டில் செல்வரின் புட்டிக்கு ஊக்கம் கிடைத்தது. உழவருக்கு அதனால் நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் இரண்டு ஆணைகளும் ஒரே ஆண்டில் பிறந்ததை நம் தெருவில் எவரும் மறக்கவில்லை. மறு ஆண்டே, 2008 மே மாதத்தில், கள்ளச்சாராயத்தால் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டு எல்லையிலும் மீண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

தடை மட்டும் போதாது என்பதற்கு ரஷ்யாவும் சான்று. 1985-இல் கோர்பச்சேவ் குடியொழிப்பு இயக்கம் தொடங்கியபோது, அன்றைய சோவியத் நாட்டின் தென்பகுதிகளில் பெரும் பரப்பில் திராட்சைக் கொடிகளை வெட்டி எறிந்தனர். மக்களோ வீட்டிலேயே கள்ளத்தனமாகக் காய்ச்சத் தலைப்பட்டனர். கடைகளில் சர்க்கரை கிடைக்காமற் போயிற்று. கொடியை வெட்டுவதும் பொட்டலத்தை ஒழிப்பதும் அரசுக்கு எளிது. குடியை ஒழிப்பது குடும்பத்தின் பேச்சினாலும் பழக்கத்தினாலும் ஆக வேண்டிய செயல்.

"ஒயின் சாராயம் இல்லையே" என்றாள் மகள். நான் காகிதக் கைத்துடைப்பின்மேல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 150 மில்லி கொண்ட ஒரு கிண்ணம் ஒயினில், 13 விழுக்காடு என்று கொண்டால், ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால் இருக்கின்றது. 60 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 20 கிராம். எனவே ஒரு கிண்ணம் ஒயின், அந்தப் பிராந்தியில் முக்கால் பங்குக்குச் சமம். கிண்ணம் அழகாயிருப்பதால் உள்ளிருப்பது மாறிவிடாது. எவ்வளவு குறைந்த அளவும் உடலுக்குத் தீங்கற்றது என்று சொல்ல இயலாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்தது. இதயத்திற்கு ஒயின் நல்லது என்று காரணம் சொல்லிக்கொண்டு எவரும் தொடங்க வேண்டா. மகள் கணக்கைப் பார்த்தாள். தாயின் முகத்தையும் பார்த்தாள். தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, "போதும், மீதி வேண்டாம்" என்றாள். எவரும் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. அம்மாவின் அச்சம் பழமை அன்று, பட்டறிவு என்பதை அவள் அன்று அறிந்துகொண்டாள். மகளின் கிண்ணம் அவள் மாமாவின் பொட்டலம் அன்று என்பதை என் மனைவியும் ஓரளவு உணர்ந்தாள் என்றே நினைக்கின்றேன்.

உணவு முடிந்தது. பழக்கத்தினாலோ பரம்பரையினாலோ தெரியவில்லை, நான் எழுந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிட்டேன். பரிமாறிய இளைஞர் விரைந்து வந்து, "ஐயா, நீங்க உட்காருங்க. நான் எடுக்கிறேன்" என்றார், தூய தமிழ்நாட்டுத் தமிழில்! அதுவரை அவர் ஆங்கிலத்திலேயே பேசியிருந்தார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டும், மேலாளர் அருகில் இருந்தமையால் அடக்கிக்கொண்டாராம். ஊர் திருவண்ணாமலைப் பக்கம்; பெங்களூருக்கு வந்து எட்டுத் திங்கள் ஆயிற்றாம்.

என் மனைவி கேட்டாள்: "தம்பி, நீ சாப்பிட்டாயாப்பா?"

"பன்னிரண்டு மணிக்கு மேலேதாங்கம்மா" என்றார் அவர்.

நான் அமர்ந்தேன். என் பாட்டனாரைப் பார்த்து "நீங்கள் அமருங்கள்" என்று அந்த மெஸ்ஸில் யாரும் சொல்லியிரார். எனக்குச் சொன்னவரோ, என் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று நிற்கும் நம் ஊர்ப் பிள்ளை. மேசைக்கு அப்பக்கம் இன்னும் நம்மவர் நின்றுகொண்டுதான் இருக்கின்றனர். நாம் இப்பக்கம் வந்துவிட்டதனாலேயே அவர்களைக் காணாதவர் போல இருந்துவிடலாகாது.

கணக்குச் சீட்டு வந்தது. அதில் "சேவைக் கட்டணம்" என்று ஒரு தொகை தானாகவே சேர்க்கப்பட்டிருந்தது. இதனை அன்பர்கள் கவனிக்க வேண்டும். உணவகங்கள் இக்கட்டணத்தைத் தாமாகச் சேர்த்துக் கட்டாயமாகப் பெறக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. வேண்டாம் என்று சொன்னால் அத்தொகையை நீக்கித் தர வேண்டும். மகள் அமைதியாகச் சொன்னாள், நீக்கினார்கள். அதற்குச் சற்று மிகுதியான தொகையை அந்த இளைஞரின் கையிலேயே கொடுத்தோம். கட்டணத்தில் எவ்வளவு அவர் கைக்குப் போய்ச் சேரும் என்று கேட்டதற்கு அவர் சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நேரே வீட்டுக்குச் செல்லாமல் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்தோம். பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட வள்ளுவர் சிலை அங்கே இருப்பதை அன்பர் அனைவரும் அறிவர். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த அப்பெருமானே விருந்தோம்பலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நாம் மறந்துவிடுகின்றோம். பிள்ளைகள் புதிய உணவுச் சாலைக்கு அழைத்தால், குடி இருக்கும் இடமாயிற்றே என்று பெரியவர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். பிள்ளைகள் தனியே செல்கின்றனர். அங்கே எது எவ்வளவு என்று சொல்ல எவரும் இல்லை. அன்று நாங்கள் மறுத்திருந்தால் மகளுக்குத் தன் கொள்ளுத்தாத்தாவும் தெரிந்திரார். தன் மாமாவின் முடிவும் விளங்கியிராது.

ஆகவே அழைத்தால் செல்லுங்கள் என்பதே என் கருத்து. சீஸ் உண்ண விருப்பமானால் உண்ணுங்கள். ரென்னெட் எதுவென்று கேளுங்கள். ஒயின் வேண்டாம் என்றால் ஒரே சொல்லில் வேண்டாம் என்னுங்கள். அதற்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டில் குடியால் இழந்தவர் உண்டெனில் அவர் கதையைப் பிள்ளைகளிடம் அந்த மேசையிலேயே சொல்லுங்கள். பரிமாறுபவர் முகத்தை ஒருமுறையேனும் நிமிர்ந்து பாருங்கள்.

என் மனைவி நடந்துகொண்டே, "அந்த வெள்ளைச் சீஸ் நன்றாகத்தான் இருந்தது. மோர் மணம். கொஞ்சம் உப்பும் மிளகும் போட்டிருக்கலாம்" என்றாள். "அடுத்த முறை போடச் சொல்வோம் அம்மா" என்றாள் மகள். "அடுத்த முறை அந்தப் பிள்ளைக்கு ஓய்வு நாள் எது என்று கேட்டுக்கொண்டு வா. ஒரு நாள் நம் வீட்டில் சாப்பிடட்டும்" என்றாள் அவள்.

அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகின்றார். களியும் கருவாட்டுக் குழம்பும் என்று முடிவாகியிருக்கின்றது.

பட்லராக, சமையற்காரராக, ஆயாவாகத் தண்டில் பணிபுரிந்த பெரியவர்களைப் பற்றி வீட்டில் வழங்கும் செய்திகளை அன்பர்கள் எழுதி அனுப்பினால், அவற்றுள் சிலவற்றை வரும் திங்களில் இப்பகுதியில் வெளியிடுவோம். எழுதக் கூச வேண்டா. நான் கூசிக் கழித்த ஆண்டுகளே போதும்.